மூணாவது விசில்: முதல் நகைச்சுவைப் பாட்டை எழுதி மேடையேற்றும் வழி

அபார்ட்மென்ட் பொங்கல் விழாவில் பாட்டுக்குப் பெயர் கொடுப்பவர்களில் கிட்டத்தட்ட எல்லோருமே சினிமாப் பாட்டுதான் பாடுவார்கள். நடுவில் யாராவது ஒருவர் தானே எழுதி, தானே மெட்டுப் போட்ட வேடிக்கைப் பாட்டு ஒன்றைப் பாடிவிட்டால் போதும், மறுநாள் லிஃப்ட்டில் அதைப் பற்றித்தான் பேச்சு. அந்த ஒருவர் நீங்களாக இருக்கலாம். தாளம் தப்பாமல் நாலு வரி பாட வந்தால் போதும். குரல் பிரமாதமாக இருக்க வேண்டியதில்லை. ஒரு நோட்டு, பென்சில், செல்போனில் ஒரு சுருதிப்பெட்டி ஆப், கூடப் பாட ஒரு நண்பர், ஒரு மாத காலம். இதுதான் முதலீடு.

இந்தக் கட்டுரை முழுக்க ஒரே பாட்டை எடுத்துக்கொண்டு, அது வெறும் எண்ணமாக இருந்த நாளிலிருந்து மேடை ஏறியது வரை கூடவே நடக்கப் போகிறேன். பாட்டின் விஷயம் குக்கர் விசில்.

எழுதுமுன் ஒரு வாரம் கேளுங்கள்

பேனா எடுப்பதற்கு முன் காது தயாராக வேண்டும். ஆரம்பிக்க நல்ல இடம் கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன். நாகர்கோவில்காரர், வில்லுப்பாட்டிலிருந்து வந்தவர். 1949இல் வந்த ‘நல்லதம்பி’ படத்தில் அவர் செய்த கிந்தனார் காலட்சேபத்தைத் தேடிக் கேளுங்கள். கோபாலகிருஷ்ண பாரதியாரின் நந்தனார் சரித்திரக் கீர்த்தனைகள் எப்படி நடக்குமோ அதே நடையில், சிதம்பரம் போக ஏங்கும் நந்தனாருக்குப் பதிலாக, படிப்புக்காகப் பட்டணம் போக ஏங்கும் கிந்தனாரின் கதை. கேட்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். காலட்சேபம் செய்யும், அதாவது கதை சொல்லிப் பாடும் பாகவதரின் பாவனை, சுருதி, தாளம் எதிலும் அவர் கை வைக்கவில்லை. கச்சேரி கச்சேரியாகவே நடக்கிறது. உள்ளே இருக்கும் கதை மட்டும் மாறியிருக்கிறது. அந்த இடைவெளியில்தான் நமக்குச் சிரிப்பு வருகிறது, சிரிப்போடு சேர்ந்து சுருக்கென்று ஒரு கேள்வியும் வருகிறது.

அடுத்து 1955இல் வந்த ‘முதல் தேதி’ படத்தில் அவர் பாடும் சம்பளக்காரர் பாட்டு. மாதத்தின் தேதிகளே அந்தப் பாட்டின் எலும்புக்கூடு. முதல் இருபது நாள் ஒரு மாதிரி, மீதி நாள் வேறு மாதிரி. கேட்பவருக்கு அடுத்து என்ன எண் வரும் என்று தெரியும், அந்த எண்ணில் என்ன நடக்கும் என்று தெரியாது. எண்ணிக்கையும் பட்டியலும் நகைச்சுவைப் பாட்டுக்கு எவ்வளவு பெரிய துணை என்பதற்கு இதைவிட நல்ல பாடம் தமிழில் இல்லை என்பது என் எண்ணம்.

இதே வித்தையைக் கடல் தாண்டியும் பார்க்கலாம். ஹார்வர்டில் கணிதம் படித்து, அங்கேயே சொல்லியும் கொடுத்த டாம் லேரர், பியானோ முன்னால் உட்கார்ந்து, அன்றைக்குத் தெரிந்திருந்த 102 வேதியியல் தனிமங்களின் பெயர்களையும் ஒரே மூச்சில் பாடுவார். 1959இல் அதைத் தன் கச்சேரி இசைத்தட்டில் வெளியிட்டார். மெட்டு அவருடையதல்ல, ஆர்தர் சல்லிவன் 1879இல் ஒரு இசை நாடகத்துக்குப் போட்டது. வார்த்தைகள் வெறும் பெயர்கள். சிரிக்க அதில் என்ன இருக்கிறது என்று தோன்றும். ஆனால் பள்ளிக்கூடத்துச் சுவரில் தொங்கும் அட்டவணை எதுகையோடு, இயைபோடு, குதிரைப் பாய்ச்சலில் வரும்போது சிரிப்பு தானாக வந்துவிடுகிறது. நகைச்சுவை நடிகர் சந்திரபாபுவின் பாட்டுகளையும் விட்டுவிடாதீர்கள். குரலை உடைத்து மேலே தூக்கும் அந்த யோடலிங், வார்த்தை இல்லாமலே சிரிக்க வைப்பது எப்படி என்று காட்டும்.

கேட்கும்போது பென்சிலும் கையுமாக இருங்கள். எந்தச் சொல்லில் உங்களுக்குச் சிரிப்பு வந்ததோ அந்தச் சொல்லை மட்டும் எழுதுங்கள். ஒரு வாரம் கழித்து நோட்டைப் பாருங்கள். பெரும்பாலும் எல்லாமே அடியின் கடைசிச் சொல்லாக இருக்கும். இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வந்த முக்கியமான சங்கதி இதுதான். அடியின் கடைசிச் சொல் சிரிப்பைச் சுமக்கிறது. முன்னால் இருக்கும் சொற்கள் அதற்கு வழி விட்டு நிற்கின்றன.

விஷயம் சின்னதாக இருக்கட்டும்

புதிதாக எழுதுபவர்கள் விலைவாசி, அரசியல், செல்போன் மோகம் என்று பெரிதாக ஆரம்பிப்பார்கள். இரண்டாவது சரணத்தில் சரக்கு தீர்ந்து, பாட்டு பிரசங்கமாகிவிடும். ஒரு கைக்குள் அடங்கும் விஷயத்தை எடுங்கள். குக்கர் விசிலை நான் எடுத்ததற்குக் காரணம் உண்டு. எல்லா வீட்டிலும் குக்கர் இருக்கிறது. “மூணு விசில் வந்ததும் அணைச்சிடு” என்ற ஆணை எல்லா வீட்டிலும் கேட்கிறது. அதில் ஏற்கெனவே ஒரு எண் இருக்கிறது, ஒரு ஓசையும் இருக்கிறது. மறந்துபோவதற்கு வழியும் இருக்கிறது. எண், ஓசை, தவறு மூன்றும் ஒரே பொருளில் கிடைத்தால் அந்த விஷயத்தை விடாதீர்கள்.

இன்னொரு சோதனை: நீங்கள் யாரை வைத்துப் பாடுகிறீர்களோ அவர் முன் வரிசையில் உட்கார்ந்திருந்தால் அவரும் சேர்ந்து சிரிப்பாரா? ஒருவருடைய உடம்பு, நிறம், சாதி, பேச்சு வழக்கு, திக்குவாய் இவற்றை வைத்து வரும் சிரிப்பு வேண்டாம். சபையில் ஒருவரைக் குனிய வைத்துவிட்டு மற்றவர்கள் சிரிப்பது பாட்டுக்குப் பெருமை இல்லை. கலைவாணர் கிண்டல் செய்தது தீண்டாமையை, மூடநம்பிக்கையை, குடியை. அந்தத் திசையில் பார்த்து நில்லுங்கள்.

கதையை முதலில் பேச்சாகச் சொல்லுங்கள்

மெட்டுக்குப் போகும் முன், நண்பரிடம் டீக்கடையில் சொல்வதுபோலக் கதையைச் சொல்லிப் பாருங்கள். விசில் பாட்டின் கதை இது: அம்மா குக்கரை வைத்துவிட்டுக் கோயிலுக்குப் போகிறாள். மகன் எண்ண வேண்டும், தூங்கிவிடுகிறான். விழித்தபோது கேட்ட விசில்களைக் கூட்டிக் கணக்கு முடிக்கிறான், ஆனால் அவை மாடி வீட்டு விசிலும் கீழ்வீட்டு விசிலும். கடைசியில் பக்கத்து வீட்டு அக்கா கதவைத் தட்டி, தன் வீட்டு விசில் எத்தனை வந்தது என்று இவனைக் கேட்கிறாள்.

ஒவ்வொரு படியிலும் தப்பு ஒரு சுற்றுப் பெரிதாகிறது பாருங்கள். முதலில் தன் கணக்கை விட்டான், பிறகு அடுத்தவர் கணக்கை எடுத்துக்கொண்டான், முடிவில் கட்டடத்தில் யாருக்குமே கணக்குத் தெரியாது. இப்படி வளராத கதையைப் பாட்டாக்க முயல வேண்டாம். வரிகள் எவ்வளவு நன்றாக இருந்தாலும் மூன்றாவது சரணத்தில் சபை செல்போனை எடுத்துவிடும்.

மெட்டு: தத்தகாரத்திலிருந்து தொடங்குங்கள்

வார்த்தையை எழுதிவிட்டுப் பிறகு மெட்டுப் போடலாம், மெட்டை வைத்துக்கொண்டு வார்த்தையும் எழுதலாம். புதியவர்களுக்கு இரண்டாவது வழிதான் நல்லது. முதலில் ‘தானன தானன’ என்று தத்தகாரம் பாடுங்கள். விசில் பாட்டுக்கு நான் எடுத்தது கும்மிச் சந்தம்:

தானன தானன தானன தானன
  தானன தானன தானனனா

முன்னால் நான்கு சீர், பின்னால் மூன்று. மொத்தம் ஏழு. கை தட்டிக்கொண்டு பாடினால் எட்டாவது தட்டு வெறுமையாக வரும், கடைசிச் சீரின் நீட்டம் மட்டும் அதில் ஓடும். அந்தக் காலி இடம் நமக்குப் பொக்கிஷம். சபை சிரிக்கப் போவது அங்கேதான். விசில் அடிக்கப் போவதும் அங்கேதான். நம் பாட்டிமார் கும்மியில் சும்மா விட்டுவைத்த இடம் இல்லை அது, அடுத்த சுற்றுக்கு மூச்சும் அடியும் எடுக்கும் இடம். நகைச்சுவைக்கு இப்படி இடம் விட்ட சந்தங்களைத் தேடி எடுங்கள். இடைவெளியே இல்லாமல் ஓடும் மெட்டில் சிரிப்புக்கு மூச்சு விட வழியில்லை.

ராகம் தெரிந்தவர்கள் செஞ்சுருட்டியில் போட்டுப் பார்க்கலாம். காவடிச் சிந்து கேட்டு வளர்ந்த காதுக்கு அது வீட்டு வாசல் மாதிரி. ராகம் தெரியாதவர்கள் கவலைப்பட வேண்டாம். ஐந்தாறு சுரங்களுக்குள் சுற்றி, அடியின் முடிவில் ஆரம்பித்த இடத்துக்கே வந்து சேரும் எந்த மெட்டும் போதும். சபை முதல் முறை கேட்கும்போதே இரண்டாவது அடியைச் சேர்ந்து முணுமுணுக்க வேண்டும். ஒரே அடியை விதவிதமாக வளைத்துப் பாடும் சங்கதிகளைக் குறையுங்கள்.

குறில் நெடில் விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். என் முதல் மெட்டில் ‘அணை’ என்ற சொல்லின் ‘அ’ ஒரு நீளமான சுரத்தில் விழுந்தது. பாடினால் ‘ஆணை’ என்று கேட்டது. அடுப்பை அணைக்கச் சொன்ன அம்மா ஏதோ அரசாணை போட்டவள் மாதிரி ஆகிவிட்டாள். சபை ஒரு நொடி குழம்பினாலும் அடுத்த சிரிப்பு போச்சு. குறில் எழுத்துக்குக் குட்டைச் சுரம், நெடிலுக்கு நீட்டுச் சுரம். வேண்டுமென்றே மாற்றிச் சிரிக்க வைப்பது தனி வித்தை.

பிரபலமான சினிமா மெட்டில் வார்த்தையை மாற்றிப் பாடலாமே என்று கேட்பீர்கள். நண்பர்கள் கூட்டத்தில் பாடிப் பழக அது நல்ல பயிற்சி. ஆனால் மேடையிலோ வீடியோவிலோ போடும்போது அந்த இசைக்கு உரிமை உடையவர்கள் இருக்கிறார்கள். இந்தியச் சட்டத்தில் படைத்தவர் காலமான பின்னும் 60 ஆண்டு உரிமை தொடர்கிறது. கும்மி, தெம்மாங்கு, நொண்டிச்சிந்து, ஆனந்தக்களிப்பு என்று யாருக்கும் தனிச் சொத்தாக இல்லாத சந்தங்கள் நம்மிடம் கொட்டிக் கிடக்கின்றன. அதற்கு மேல் சொந்த மெட்டில் இன்னொரு லாபம்: சபை பழைய பாட்டை நினைத்துக்கொண்டிருக்காமல் உங்கள் கதையைக் கேட்கும்.

வரிகள்: கடைசிச் சொல்லை முதலில் எழுதுங்கள்

தமிழில் வேடிக்கைப் பாட்டு எழுதுபவருக்கு மொழியே ஒரு உபகாரம் செய்து வைத்திருக்கிறது. நம் வாக்கியத்தில் வினை கடைசியில் வருகிறது. அதுவரை என்ன ஆயிற்று என்று கேட்பவருக்குத் தெரியாது. “அக்கறையா நானும் எண்ணிக்கிட்டே வந்து, மொத விசில் கேட்டதும்…” என்று நிறுத்தினால் சபை அடுப்பை நோக்கி ஓடப் போகிறான் என்று நினைக்கும். “தூங்கிப்புட்டேன்” என்று முடிகிறது. அந்த ஒரு வினைச்சொல்லில் மொத்தக் கதையும் திரும்புகிறது.

அதனால் காகிதத்தின் வலது ஓரத்தில் கடைசிச் சொற்களை முதலில் எழுதுங்கள். பிறகு இடப்பக்கமிருந்து அதை நோக்கி நடந்து வாருங்கள். பல்லவி இப்படி அமைந்தது:

குக்கரை வச்சிட்டுக் கோயிலுக்குப் போனா
  மூணு விசிலுன்னு சொல்லிப்புட்டு
அக்கறையா நானும் எண்ணிக்கிட்டே வந்தேன்
  மொதவிசில் கேட்டதும் தூங்கிப்புட்டேன்

‘குக்கரை’, ‘அக்கறை’ என்ற எதுகை கிடைத்தபோதுதான் இது பாட்டாகும் என்று எனக்கு நம்பிக்கை வந்தது. ஆங்கிலப் பாத்திரப் பெயரும் சுத்தமான தமிழ்ச் சொல்லும் எதுகையில் கைகோத்தால், கேட்பவர் காது தன்னை அறியாமல் சிரிக்கும்.

நாலாவது அடியை முதலில் “ஒண்ணுக்கு அப்புறம் தூங்கிப்புட்டேன்” என்றுதான் எழுதியிருந்தேன். சந்தத்தில் அழகாக உட்கார்ந்தது. என் அக்காவிடம் பாடிக் காட்டினேன். “ஒண்ணுக்கு” என்ற இடத்திலேயே அவள் சிரித்துவிட்டாள். எண்ணைச் சொல்கிறேன் என்று நான் நினைக்க, அவள் காதில் விழுந்தது வேறு. குழந்தைகள் நிறைந்த சபையில் அந்தச் சிரிப்பு ஐந்து நிமிஷம் அடங்காது, ‘தூங்கிப்புட்டேன்’ காற்றில் போகும். மாற்றிவிட்டேன். எழுதியதை யாரிடமாவது ஒரு முறை சத்தமாகப் பாடிக் காட்டாமல் முடிவு செய்யாதீர்கள். கண்ணுக்குத் தெரியாத இரட்டைப் பொருள் காதுக்குத் தெரிந்துவிடும்.

அதே இரட்டைப் பொருளை வேண்டுமென்று கையாளவும் பழகுங்கள். காளமேகப் புலவர் பாம்புக்கும் எள்ளுக்கும், பாம்புக்கும் வாழைப்பழத்துக்கும் சிலேடை பாடிய மொழி நம்முடையது. பாட்டில் இதற்கு இன்னும் சுலபமான வழி உண்டு, பதத்தைப் பிரித்துப் பாடுவது. ‘வருமானம்’ என்ற சொல்லை ‘வருமா…’ என்று நீட்டி நிறுத்தினால் அது சம்பளக்காரரின் கேள்வி ஆகிவிடுகிறது. ‘பலகாரம்’ என்பதை ‘பல… காரம்’ என்று பிரித்தால் தட்டு முழுக்க மிளகாய். ஒரு பாட்டுக்கு இப்படி ஒன்று போதும். இரண்டாவது வந்தால் சபை சொல்லைப் பிரிக்கும் விளையாட்டில் இறங்கிவிடும், கதை நின்றுவிடும்.

முதல் சரணம்:

மேல்வீட்டில் ஒண்ணும் கீழ்வீட்டில் ரெண்டும்
  மொத்தமாக் கூட்டினேன் மூணாச்சு
வேலை முடிஞ்சுதுன்னு அடுப்பை அணைச்சிட்டேன்
  வெந்தது பருப்பில்லே நானாச்சு

கடைசி அடி முதலில் “வேகாத பருப்புதான் வீணாச்சு” என்று இருந்தது. இயைபு பிசகவில்லை. ஆனால் பருப்பு வேகவில்லை என்பது அடுப்பை அணைத்தபோதே சபைக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்ததையே கடைசிச் சொல்லும் சொன்னால் யார் சிரிப்பார்கள்? யார் வெந்தது என்று திருப்பியபோது அம்மா வந்து திட்டியது, இவன் முழித்தது எல்லாம் ஒரு சொல்லுக்குள் வந்துவிட்டன. உங்கள் வரிகளையும் இப்படித் தட்டிப் பாருங்கள்: கடைசிச் சொல் சபைக்குப் புதிதாக ஏதாவது சொல்கிறதா?

முடிவுச் சரணம்:

கதவைத் திறந்தா பக்கத்து அக்கா
  கரண்டியும் கையுமா நின்னாங்க
எதுக்கும் கேக்குறேன் எங்கவீட்டு விசிலு
  எத்தனை வந்துச்சுன்னாங்க

இந்தச் சரணத்துக்குத்தான் அதிக நாள் ஆயிற்று. கதையின் கடைசித் திருப்பத்தை எந்தச் சொல்லும் விளக்கக் கூடாது என்று பிடிவாதமாக இருந்தேன். அக்காவின் கேள்வியோடு பாட்டு நின்றுவிட வேண்டும். “அவங்களும் எண்ணலை” என்று ஒரு அடி சேர்த்திருந்தால் சபை செய்ய வேண்டிய வேலையை நான் பிடுங்கிக்கொண்டதாகியிருக்கும்.

தொகையறாவும் பின்பாட்டும்

நாடக மேடையிலிருந்து நமக்குக் கிடைத்த சொத்து தொகையறா. தாளம் இல்லாமல், பாட்டுக்கு முன்னால் இரண்டு அடி இழுத்துப் பாடுவது. வேடிக்கைப் பாட்டுக்கு முன்னால் அதை உருக்கமாகப் பாடுங்கள். நான் சோகத்துக்குப் பேர்போன முகாரி ராகத்தில் பாடுகிறேன்:

அன்னமிட்ட கையாலே அடுப்பேற்றி வைத்தவளே
என்னைநம்பி எண்ணச்சொல்லி ஏன்தாயே போய்விட்டாய்

சபை முதலில் நிமிர்ந்து உட்காரும், யாரோ போய்ச் சேர்ந்துவிட்டார்கள் என்று. ‘எண்ணச்சொல்லி’ என்ற இடத்தில் சந்தேகம் வரும். அப்போது கும்மி அடி சட்டென்று விழ வேண்டும். தொகையறாவில் உங்கள் முகத்தில் சிரிப்பின் நிழல்கூட இருக்கக் கூடாது. இந்தப் பாட்டில் வரும் மகனுக்கு இது உண்மையிலேயே துக்கம். அவனை நம்பிப் பாடுங்கள்.

பின்பாட்டுக்காரரை வில்லுப்பாட்டிலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே புலவர் ஒரு அடி சொன்னதும் பக்கத்தில் இருப்பவர் “ஆமா” போடுவார். அந்த ஆமாவுக்கு இரண்டு வேலை. கதையை நகர்த்துவது ஒன்று. சபை சிரிக்கும் நேரத்தில் பாட்டு அறுந்துபோகாமல் பிடித்து வைப்பது இன்னொன்று. விசில் பாட்டில் என் நண்பன் ஆமா போடுவதில்லை, விசில் அடிக்கிறான். எட்டாவது தட்டு காலியாக இருக்கிறதே, அங்கே. எல்லா அடியிலும் அடிக்க மாட்டான். எங்கே வரும் என்று தெரியாமல் இருந்தால்தான் சபை காத்திருக்கும். இரண்டாவது சரணம் வருவதற்குள் குழந்தைகள் “ரெண்டு… மூணு…” என்று தாமாகவே எண்ண ஆரம்பித்துவிடுவார்கள். அப்போது சபை முழுக்க உங்கள் பாட்டுக்குள் வந்துவிட்டது என்று அர்த்தம்.

சுருதியும் ஒத்திகையும்

சுருதியின் உயரத்தைக் கட்டைக் கணக்கில் சொல்வார்கள். பொதுவாக ஆண்கள் ஒன்று, ஒன்றரைக் கட்டையிலும், பெண்கள் ஐந்து, ஐந்தரைக் கட்டையிலும் வசதியாகப் பாடுவார்கள். வேடிக்கைப் பாட்டுக்கு உங்கள் வழக்கமான சுருதியிலிருந்து அரைக் கட்டை இறக்கிக்கொள்ளுங்கள். பேச்சுக் குரலுக்குப் பக்கத்தில் இருந்தால் சொல் தெளிவாக விழும். உச்சத்தில் கத்தினால் நாதம் இருக்கும், சொல் இருக்காது. நம் சரக்கு முழுக்கச் சொல்லில்தான் இருக்கிறது.

வேகத்தைப் பொறுத்தவரை ஒரு எச்சரிக்கை. வீட்டில் பாடிப் பாடி உங்களுக்கு வரிகள் மனப்பாடம். தெரியாமலே வேகம் கூடிவிடும். சபை முதல் முறையாகக் கேட்கிறது. செல்போனில் பதிந்து, மறுநாள் காலையில் கேளுங்கள். ஒவ்வொரு சொல்லும் உங்களுக்கே தனித்தனியாகக் கேட்டால் வேகம் சரி.

ஒத்திகையில் முக்கியமாகப் பழக வேண்டியது காத்திருப்பு. நான் முதன்முதலில் ஒரு கல்யாண வீட்டில் பாடியபோது பல்லவி முடிவில் கூட்டம் நன்றாகச் சிரித்தது. அந்தச் சந்தோஷத்தில் நிற்காமல் சரணத்துக்குள் போய்விட்டேன். ‘மேல்வீட்டில் ஒண்ணும் கீழ்வீட்டில் ரெண்டும்’ அந்தச் சிரிப்பில் முழுகிப்போனது. மூணு எப்படி வந்தது என்றே யாருக்கும் தெரியவில்லை. பாட்டின் மீதி முழுக்க மௌனம். அன்றிலிருந்து பல்லவியின் கடைசி அடியை இரண்டு முறை பாடுகிறேன். முதல் முறை சிரிப்பு, இரண்டாவது முறை அந்தச் சிரிப்பு அடங்க நேரம். சிரிப்பு வராவிட்டாலும் நஷ்டமில்லை, பல்லவி திரும்ப வருவது பாட்டில் வழக்கம்தானே என்று நினைத்துக்கொள்வார்கள்.

மேடை

மைக்காரரிடம் முன்னாலேயே போய்ப் பேசிவிடுங்கள். விழா மேடைகளில் எக்கோவை நிறைய வைத்திருப்பார்கள். பக்திப் பாட்டுக்கு அது நன்றாக இருக்கும், நமக்கு எமன். “அண்ணே, எக்கோவைச் சுத்தமா எடுத்துடுங்க, வார்த்தை கேக்கணும்” என்று மரியாதையாகச் சொன்னால் செய்து தருவார்கள். பின்பாட்டுக்காரர் விசில் அடிக்கும்போது முகத்தை மைக்கிலிருந்து திருப்பிக்கொள்ளட்டும். நேராக ஊதினால் ஸ்பீக்கர் அலறும்.

நிகழ்ச்சியில் உங்கள் இடம் எது என்றும் கேட்டு வாங்குங்கள். சாப்பாடு போட ஆரம்பித்த பிறகு வேண்டாம். ஒரு நீண்ட பேச்சுக்குப் பிறகு கிடைத்தால் அதைவிட நல்ல நேரம் இல்லை. மேடையேறியதும் “இது ஒரு காமெடிப் பாட்டு, எல்லாரும் சிரிங்க” என்று அறிமுகம் செய்யாதீர்கள். “அம்மாவைப் பற்றி ஒரு பாட்டு” என்று சொல்லிவிட்டுச் சுருதி சேருங்கள். அதுவும் உண்மைதான்.

பாடும்போது நீங்கள் சிரிக்காதீர்கள். முன் வரிசையில் யார் முகத்தையும் குறிவைத்துப் பார்க்காமல், கடைசி வரிசைக்கு மேலே ஒரு இடத்தைப் பாருங்கள். சபை சிரிக்காவிட்டால் வேகத்தைக் கூட்டத் தோன்றும், அதற்கு இடம் கொடுக்காதீர்கள். பாட்டு பாட்டாகவே நன்றாக இருந்தால் சிரிப்பு வராத ஊரிலும் கைதட்டு வரும். எதுகையையும் சுருதியையும் இவ்வளவு நேரம் வலியுறுத்தியது அதற்காகத்தான்.

பாடிய பிறகு

அன்றைக்கு யாராவது ஒருவரைப் பதிவு செய்யச் சொல்லியிருப்பீர்கள். அதைக் கேட்டு, எங்கே சிரித்தார்கள் என்று வரித்தாளில் பென்சிலால் குறியுங்கள். எதிர்பாராத இடத்தில் சிரிப்பு வந்திருந்தால் அடுத்த முறை அங்கே ஒரு தட்டு இடம் விடுங்கள். எதிர்பார்த்த இடத்தில் வரவில்லை என்றால் கடைசிச் சொல்லைத் திரும்பப் பாருங்கள், பெரும்பாலும் கோளாறு அங்கேதான்.

தாளில் தேதியும் உங்கள் பெயரும் இருக்கட்டும், மெட்டைச் செல்போனில் பதிந்து வையுங்கள். வெளியிடப் பெரிய ஏற்பாடு வேண்டும் என்று தயங்காதீர்கள். டாம் லேரர் 1953இல் 15 டாலர் செலவில் தன் முதல் இசைத்தட்டைப் பதிவு செய்து, சொந்தமாக 400 பிரதி போட்டுத்தான் ஆரம்பித்தார். 2025இல் காலமாவதற்குச் சில ஆண்டுகள் முன்பு, தன் பாட்டுகளை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று உரிமையையே விட்டுக்கொடுத்தார். வெளிநாட்டு மெட்டு ஒன்றில் தமிழ் வரி எழுதிப் பழக நினைப்பவர்களுக்கு இது நல்ல வாய்ப்பு.

வேறு ஊரில் பாடக் கூப்பிட்டால் பாட்டையும் அந்த ஊருக்குத் தகுந்தபடி மாற்றுங்கள். தனி வீடுகள் உள்ள கிராமத்தில் மேல்வீடும் கீழ்வீடும் ஏது? சொல்லை மாற்றினால் எதுகையும் மாற வேண்டும், அதை விட்டுவிடாதீர்கள். எங்கள் பெரியம்மா ஊரில் பாடியபோது சரணம் இப்படி ஆயிற்று:

தெருமுனையில் ஒண்ணும் பின்வீட்டில் ரெண்டும்
  மொத்தமாக் கூட்டினேன் மூணாச்சு
ஒருவழியா முடிஞ்சுதுன்னு அடுப்பை அணைச்சிட்டேன்
  வெந்தது பருப்பில்லே நானாச்சு